எள்ளுத் தாத்தா பேர் என்ன?

ஆடி அமாவாசை அன்று அப்பா தர்ப்பணம் கொடுக்க உட்காரும்போது ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா. நம்ம கணக்கில் தாத்தா, கொள்ளுத் தாத்தா, எள்ளுத் தாத்தா. பெண்கள் பக்கமும் அதே போல மூன்று பெயர். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம்மில் பல பேருக்கு இரண்டாவது பெயரிலேயே நாக்கு தடுமாறும். பாட்டிகள் பக்கம் கேட்கவே வேண்டாம், "எல்லாரும் ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்பதோடு முடிந்துவிடும்.

இந்தப் பெயர்களை எங்கே தேடுவது என்பதுதான் இந்த மாதப் பாடம். முதலில் வெள்ளைக்காரர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய முறை ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில் 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் தன் பகுதியில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். 1598 முதல் அதற்கு ஒரு நகல் எடுத்து வருடா வருடம் பிஷப்புக்கு அனுப்பினார்கள். 1754-இல் கல்யாணத்துக்குத் தனிப் புத்தகம் வந்தது, 1813-இல் அச்சடித்த படிவம் வந்தது. 1837-இல் அரசாங்கமே பிறப்பு இறப்புப் பதிவை எடுத்துக்கொண்டது. அதனால் அங்கே ஒரு சாதாரண விவசாயி வீட்டுப் பிள்ளைகூட, புத்தகம் கரையான் அரிக்காமல் இருந்தால், முந்நூறு நானூறு வருஷம் பின்னால் போய்விடலாம்.

தேடும் வழி எளிது. தெரிந்த ஆளிடமிருந்து தெரியாத ஆளுக்குப் போக வேண்டும். ஒருவரின் ஞானஸ்நானப் பதிவில் அப்பா அம்மா பெயர் கிடைக்கும். அதை வைத்து அவர்களின் கல்யாணப் பதிவைத் தேடுவார்கள். அதிலிருந்து அந்த அப்பாவின் பிறப்புக்குப் போவார்கள். ஒரு படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அதே ஊரில் அதே பெயரில் இரண்டு ஜான் இருப்பான், தவறான ஜானைப் பிடித்தால் அதற்கு மேல் ஏறுவதெல்லாம் யாரோ ஒருவரின் குடும்பம். நம்ம ஊர் முருகன், முனியாண்டி, மாரியம்மாளுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நமக்கு அப்படி ஒரு புத்தகம் உண்டா? ஒரு சமூகத்துக்கு உண்டு. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலை 1859-இல் எழுப்பிய நகரத்தாரைத்தான் சொல்கிறேன். செட்டிநாட்டில் அவர்களுக்கு ஒன்பது நகரக் கோவில்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒருவருக்குக் கல்யாணம் என்றால் அவருடைய கோவிலிலிருந்து மாலை வர வேண்டும். கல்யாணம் ஆன தம்பதி அந்தக் கோவிலின் கணக்கில் ஒரு 'புள்ளி'. மனைவி இறந்துவிட்டால் கணவர் அரைப்புள்ளி. கல்யாணத்தில் 'இசைகுடிமானம்' என்று ஓர் ஒப்பந்தமும் எழுதுவார்கள். கோவில் மாலை, புள்ளிக் கணக்கு, கல்யாண ஓலை மூன்றும் சேர்ந்தால், இங்கிலாந்துத் தேவாலயப் புத்தகத்துக்கு இணையான ஒரு பதிவு கோவிலை மையமாக வைத்தே நம்மிடம் இருந்திருக்கிறது. வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் வழிவழியாக வைத்திருக்கும் குடும்ப ஏடுகளும் அந்த வகைதான்.

யாழ்ப்பாணத்து வழி வந்தவர்களுக்கு இன்னொரு விநோதம். டச்சுக்காரர் ஆட்சியில் 'பள்ளித் தோம்பு' என்று ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிந்தார்கள். வீட்டுக்குள் சிவபூஜை செய்துகொண்டே, சொத்துரிமைக்காக வெளியே பெயரைப் பதிந்துகொண்ட குடும்பங்கள் நிறைய. அந்தக் காலக் காகிதத்தில் உங்கள் முன்னோர் கிறிஸ்தவப் பெயரோடு தென்பட்டால் திடுக்கிட வேண்டாம்.

மற்ற நம்ம ஆட்கள், அதாவது தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் வந்தவர்கள், என்ன செய்வது? நேட்டாலுக்கு 1860-இல் போன 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி, அங்கே போன ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் பட்டியலில் இருக்கிறது. மொரீஷியஸிலும் மகாத்மா காந்தி நிலையத்தில் அப்படிப்பட்ட ஏடுகள் இருக்கின்றன. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களுக்கு அது போல ஒரே இடத்தில் முழுப் பட்டியலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணி. 1938-இல் இந்திய அரசாங்கம் அதை நிறுத்தும் வரை அப்படித்தான்.

ஆனால் அந்தக் கங்காணி முறையிலேயே ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் திரட்டுவார். ஆகவே ஒரே லயத்தில், ஒரே குவார்ட்டர்ஸில் இருந்த குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே தாலுகாக்காரர்கள். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஊரைக் கேளுங்க. இங்கிலாந்திலும் அனுபவசாலிகள் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சாட்சிக்கு வருபவர் பல நேரம் சொந்தக்காரராக இருப்பார்.

இனி வீட்டிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் பிறப்பு இறப்புப் பதிவு 1872 முதல் இருக்கிறது. தாத்தா இங்கே பிறந்திருந்தால் அவருடைய பிறப்புச் சான்றிதழில் கொள்ளுத் தாத்தா பெயர் இருக்கும், கொள்ளுப் பாட்டி பெயரும் இருக்கும். பாட்டிகளின் பெயர் எழுத்தில் தப்பிப் பிழைத்திருக்கும் ஒரு சில இடங்களில் இது ஒன்று. 1957-க்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர் என்றால் அந்தச் சான்றிதழ், அதற்கு முன் வைத்திருந்த இந்தியப் பாஸ்போர்ட், ரஜுலா கப்பல் டிக்கெட், பழைய அடையாள அட்டை எல்லாம் பீரோவின் அடித்தட்டில் ஒரு மைலோ டின்னுக்குள் கிடக்கலாம். வீடு மாறும்போது குப்பை என்று போடுவது முதலில் அந்த டின்னைத்தான். தயவுசெய்து போடாதீங்க.

கல்யாணப் பதிவு மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. 1961-இல் மாதர் சாசனம் வரும் வரை இந்துக் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குப் பதில் அழைப்பிதழைத் தேடுங்க. நம்ம கல்யாணப் பத்திரிகையைப் போல ஒரு வம்சாவளிக் காகிதம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? இன்ன ஊர் இன்னாரின் பேரனும் இன்னாரின் புதல்வனுமான என்று மூன்று தலைமுறை ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். தாய்மாமன் பெயர் கீழே வரும். கருமாதிப் பத்திரிகை அதைவிட மேல், மகன் மருமகள் பேரன் பேத்தி என்று மொத்தக் குடும்பமும் அதில் வரிசையாக நிற்கும். மொய் நோட்டு இருந்தால் விடவே விடாதீங்க. யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு எழுதினார்கள் என்பது சொந்தபந்தத்தின் வரைபடம். இவை எதுவும் வீட்டில் இல்லையென்றால் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடலாம். 1935-இல் தொடங்கிய பத்திரிகை, மரண அறிவித்தல்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஜாதக நோட்டைத் திறந்தால் தேதியில் ஒரு குழி இருக்கிறது. 'பிரமாதி வருஷம் ஆவணி மாதம்' என்றால் 1939 ஆகஸ்ட், செப்டம்பர். அதே பிரமாதி வருஷத்துத் தை மாதம் என்றால் 1940 ஜனவரி, ஏனென்றால் நம்ம வருஷம் சித்திரையில் தொடங்குகிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும், ஆகவே 1879-உம் பிரமாதிதான். வெள்ளைக்காரனுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புதுவருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது, அதனால் அவர்களின் பழைய புத்தகத்தில் 1700 ஜனவரி என்று இருந்தால் நம்ம கணக்குக்கு அது 1701.

பெயரிலும் ஒரு நல்ல தடயம் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்ம வழக்கம், 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பும். பெரியப்பா பெயர் கோவிந்தசாமி என்றால் கொள்ளுத் தாத்தாவும் கோவிந்தசாமியா என்று சந்தேகப்படலாம், நிரூபிக்கும் வரை சந்தேகமாகவே வைத்திருக்க வேண்டும். ஆங்கிலக் காகிதத்தில் அந்தக் கோவிந்தசாமி பல வேஷத்தில் வருவார். 'சாமி'யின் நடுவில் ஒரு கிளார்க் டபிள்யூ நுழைப்பார், இன்னொருவர் கடைசி ஒய்யை ஐ ஆக்குவார். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். தேடும்போது எல்லா எழுத்தையும் போட்டுப் பாருங்க. கோத்திரம் உதவுமா என்று கேட்பார்கள். தெரியாது என்பவர்களுக்கெல்லாம் அர்ச்சனையில் 'சிவ கோத்திரம்' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது, அதை நம்பி ஊர் தேட முடியாது.

இப்போது கிராஞ்சிக்கு வருவோம். கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து உட்லண்ட்ஸ் ரோட்டில் நடந்து போகும் தூரத்தில் போர் நினைவகம் இருக்கிறது. பள்ளியில் ஒரு முறை கூட்டிப் போயிருப்பார்கள், வெள்ளைக் கல் வரிசையைப் பார்த்துவிட்டு வந்திருப்பீங்க. மேலே ஏறினால் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தின் தூண் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். உடல் கிடைக்காமல் போனவர்கள். அதற்குப் பின்னால் அதிகம் பேர் போகாத ஒரு சின்ன நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்கள் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். இந்துக்களான நாம் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது.

குடும்பம் தேடுபவருக்கு அந்தச் சுவரைவிட அதன் பதிவேடு பெரிய புதையல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பணம் கட்டாமல் பார்க்கலாம். படைப்பிரிவு, நம்பர், இறந்த தேதி வரும். பல பதிவுகளில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: இன்னார் மகன், இன்னார் கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம், இந்தியா. அப்பா பெயர், மனைவி பெயர், ஊர் பெயர் மூன்றும் ஒரே வரியில்! 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த சமயத்தில் இறந்த ஒரு தமிழ்ச் சிப்பாயின் மனைவி பெயரை, அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகளே மறந்துபோன பெயரை, ஒரு கிளார்க் எழுதி வைத்திருக்கிறார்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் யோசித்துப் பாருங்க. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர்ச் சுவர் எதுவும் இல்லை. சிப்பாய்க்கு நம்பர் இருந்தது, சம்பளக் கணக்கு இருந்தது, அதனால் பெயரும் மிஞ்சியது. உங்கள் வீட்டில் "சயாமுக்குப் போனவர் திரும்பலை" என்று யாரையாவது சொன்னால், அந்தப் பேச்சுதான் அவருக்கு இருக்கும் ஒரே பதிவு. சொன்னவர் பெயர், சொன்ன தேதியோடு இன்றைக்கே எழுதி வையுங்க. போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

ஊர் பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய காகிதத்தில் 'தென்னாற்காடு' என்றால் இப்போது கடலூர், விழுப்புரம் அல்லது கள்ளக்குறிச்சி. 'தஞ்சாவூர்' என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையாகவும் இருக்கலாம். மாவட்டம் உடையும், தாலுகா பெயர் பெரும்பாலும் நிற்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்க. ஊரில் ஒரு சென்ட் நிலம் இருந்திருந்தாலும் மூலப்பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதாத பழைய பத்திரம் கிடையாது. அதில் சாதியும் எழுதியிருக்கும். அதை ஆளை அடையாளம் காண மட்டும் வைத்துக்கொள்ளுங்க, அதை வைத்துப் பெருமைப்படவோ கூனிக் குறுகவோ நாம் தேடலை. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தாலும் அப்படித்தான்.

காகிதம் எல்லாம் தீர்ந்தாலும் குலதெய்வம் இருக்கிறது. பாட்டிக்கு ஊர் பெயர் மறந்தாலும் சாமி பெயர் மறக்காது. மொட்டை போட்ட கோவில், பக்கத்தில் ஏரி, வழியில் ஒரு புளியமரம் என்று சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளுங்க. மாசி மகா சிவராத்திரிக்குப் போனால் பங்காளிகள் பல பேரை ஒரே இடத்தில் பார்க்கலாம். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறதா என்று கேளுங்க. கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு, வரி கொடுத்தவர் பெயரெல்லாம் அதில் இருக்கும். உங்கள் தாத்தா பெயருக்கு நேரே 'சிங்கப்பூர்' என்று எழுதியிருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. எத்தனை வருஷ வரி பாக்கி என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்கள், கையில் கொஞ்சம் பணத்தோடு போங்க.