ஒலிபெருக்கி வாங்கும்போது செவி ஏமாறுவது எவ்வாறு?

ஒலிபெருக்கி என்றதும் கோவில் திருவிழாவிலும் திருமண வீட்டு வாசலிலும் கட்டப்படும் குழாய்களே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகளாக வைத்து ஸ்டீரியோ முறையில் இசை கேட்கும் ஒலிபெருக்கிகளைப் பற்றியது. நடுத்தரக் குடும்பத்தில் இதை ஒருமுறை வாங்கினால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதனோடுதான் காலந்தள்ள வேண்டும். எனவே கடையில் கேட்டுப் பார்க்கும் அந்த அரைமணி நேரம் விலை மதிப்புள்ளது.

“காதுக்கு எது இனிமையோ அதை வாங்கு, இதில் ஆராய்ச்சி எதற்கு?” என்பார் உளர். செவியே முடிவான நீதிபதி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நீதிபதியின் முன் பொய்ச்சாட்சிகள் சிலர் வந்து நிற்கின்றனர்.

முதல் பொய்ச்சாட்சி உரப்பு. ஒரே அளவு மின்திறனைக் கொடுத்தாலும் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே அளவு உரக்க ஒலிப்பதில்லை. ஒன்று மற்றொன்றைவிட 3 டெசிபல் கூடுதலாக ஒலிக்குமானால், அதை எட்டிப்பிடிக்க மற்றதற்கு இருமடங்கு மின்திறன் வேண்டும். வேறுபாடு இதைவிடச் சிறியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அப்போது ‘இது சற்று உரக்க ஒலிக்கிறது’ என்று நமக்குத் தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறது, கனமாக இருக்கிறது’ என்றே தோன்றும். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது. குறைந்த உரப்பில் நம் செவி தாழ்ந்த அதிர்வெண்களை மங்கலாகவே உணர்கிறது. உரப்பு கூடக்கூட அவை எழுந்து வருகின்றன. ஆகவே ஒரு பெட்டியை விற்க விரும்புபவர் குமிழைச் சற்றே திருப்பினால் போதும்! (எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை.)

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரே பேச்சை இரு ஒலிபெருக்கிகளிலும் ஒலிக்கச் செய்து, உரப்பு சமமாகும் குமிழ் நிலைகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி இருப்பின் வேலை இன்னும் எளிது. அதன்பின் ஒரே பாடலின் ஒரே பகுதியை, இடைவெளியின்றி, மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். காலையில் ஒரு கடையிலும் மாலையில் வேறொரு கடையிலும் கேட்டுவிட்டு ஒப்பிடுவது வீண். ஒலியின் நுட்பங்களைச் செவி அவ்வளவு நேரம் நினைவில் வைப்பதில்லை.

இரண்டாம் பொய்ச்சாட்சி கண். பிளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் 1994-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். அதே ஒலிபெருக்கிகளை, அதே மனிதர்கள், திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரிலும் வைத்துக் கேட்டு மதிப்பெண் இட்டனர். கண்ணெதிரே இருந்தபோது பெரிய, அழகிய பெட்டிகள் மதிப்பெண்ணில் உயர்ந்தன. சிறியதும் மலிவானதும் தாழ்ந்தது. ஒலிபெருக்கியை அறையில் இடம் மாற்றி வைத்தபோது ஒலி மாறியதைத் திரைக்குப் பின் கேட்டவர்கள் உணர்ந்தனர். கண்ணால் கண்டவர்கள் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவே இல்லை. இதே டூல் 1980-களில் கனடாவில் செய்த ஆய்வுகளில், செவிப்பழுது இல்லாதவர்கள் பார்க்காமல் கேட்டபோது அவர்களின் தீர்ப்புகள் பெருமளவு ஒத்திருந்தன. ‘ரசனை ஆளுக்கு ஆள் வேறு’ என்பது நாம் நினைக்கும் அளவுக்கு உண்மையன்று. கடையில் திரை கட்ட இயலாது. நண்பரை மாற்றச் சொல்லிவிட்டு, நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

சரி, எதைக் கேட்பது? முதலில் மனிதக் குரலைக் கேளுங்கள். பி.பி.சி. பொறியாளர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளை உருவாக்கியபோது, தமக்குப் பழக்கமானவரின் பேச்சைப் பதிவுசெய்து, அதே மனிதரின் நேர்க்குரலோடு ஒப்பிட்டனர். வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் அவர்கள் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்பது சுமார் 30 செ.மீ. உயரமே உள்ள சிறு பெட்டி. குரலின் இயல்பான ஒலிக்காக அது இன்றும் பேசப்படுகிறது. நம் வீட்டார் ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து எடுத்துச் செல்லலாம். அக்குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் பெட்டியின் பலகைகளே அதிர்கின்றன என்று ஐயுறலாம். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் ஊசிபோல் குத்தினால், முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று இனிக்கும் அந்த ஒலி ஒரு மணி நேரத்தில் தலைவலியாகும்.

அடுத்து மிருதங்கம். தொப்பியின் ஒலி வழுக்கி ஏறுவதும் இறங்குவதும் தனித்தனியே கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே ‘தொம்’மாக விழுந்தால் அது தாழ்ந்த சுரங்களை ஒலிப்பதில்லை, தன் சுரம் ஒன்றையே ஒலிக்கிறது. பலர் இதைத்தான் ‘நல்ல பேஸ்’ என்று பாராட்டி வாங்குகின்றனர்! தம்புராவில் மேல்சுரங்கள் மெல்ல விரிவது கேட்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். திரைப்பாடல்களை மட்டும் நம்பலாகாது. பதிவுக்கூடத்தில் குரலை எப்படி மாற்றினார்கள் என்பது நமக்குத் தெரியாது. இறுதியாக, இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் அமர்ந்து கேட்டால், நடுவில் பதிவான பாடகர் பெட்டிகளுக்கு நடுவே நின்று பாடுவதுபோல் தோன்ற வேண்டும்.

கடையில் நன்றாக ஒலித்தது வீட்டில் கெடுவதும் உண்டு. 4 மீட்டர் நீளமுள்ள அறையில் ஏறக்குறைய 43 ஹெர்ட்சில் நிலை அலை எழும். அவ்வதிர்வெண் சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் மறைந்தும் கேட்கும். மூலையில் வைத்த பெட்டி தாழ்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும். ஆகவே பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னே இழுத்து, நாற்காலியையும் சற்று நகர்த்தி மறுபடி கேட்ட பிறகே, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதா என்று யோசிக்கலாம்.