ஊரில் மிஞ்சும் கைகள்



இரண்டு ஏக்கர் மல்லாட்டையை ஒரு வீட்டில் ஐந்து பேர் பார்க்கிறார்கள். இருவர் சென்னைக்குப் போன பிறகும் விளைச்சல் குறையவில்லை என்றால், அந்த இருவரின் உழைப்பே ‘உபரி உழைப்பு’. 1954இல் இதை விளக்கிய ஆர்தர் லூயிஸ், 1979இல் நோபல் பரிசு பெற்றார். கிராமத்தில் ஆள் மிஞ்சி இருக்கும்வரை நகரத்துக் கூலி பெரிதாக ஏறாது, ஆள் தட்டுப்பாடு வந்த பிறகே ஏறும் என்பது அவர் கருத்து.

நம் பகுதிப் பட்டுத்தறி வீடுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நெய்பவர் ஒருவர்தான், ஆனால் நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் வீட்டார் வேலை. அதற்குத் தனிக்கூலி இல்லாததால் அது கணக்கில் வருவதில்லை. மகன் வெளியூர் போனால் அவன் செய்த வேலை தாய்மீதும் தங்கைமீதும் விழும். தங்கையின் படிப்பே நின்றுபோகலாம்.

எனவே பிள்ளையை அனுப்பும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக எவ்வளவு மிஞ்சும்? தறியில் எவ்வளவு குறையும்? அந்த வேலையை இனி யார் செய்வது?

கட்டட வேலைக்குப் போகிறவர்கள் 18 வயது நிறைந்திருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து நிவாரணம், பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றுக்கு அந்தப் பதிவு தேவை.