மதிலுக்குள் இருப்பதா, புறப்படுவதா?

வேதபாடம்: 1 சாமுவேல் 14

சவுலும் ஏறக்குறைய 600 பேரும் மாதளமரத்தடியில் தங்கியிருந்தபோது, யோனத்தானும் அவன் ஆயுததாரியும் மாத்திரம் பெலிஸ்தரின் தாணையத்துக்கு ஏறிப்போனார்கள். யுத்தத்தில் முந்திக்கொள்கிறவன் இடத்தையும் நேரத்தையும் குறிக்கிறான். மற்றவன் அவனுக்குப் பின்னாலேயே ஓடவேண்டியதுதான். அப்படியானால் மதில் எதற்கு, எல்லாரும் பாய்ந்துவிடலாமே என்று கேட்பீர்கள். நம்ம தஞ்சாவூரில் நடந்ததைக் கவனியுங்கள்.

1758-ல் பிரெஞ்சு சேனாதிபதி லாலி, கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயருடைய செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தான். அடுத்து அவனுக்குத் தேவை பணம். தஞ்சாவூர் ராஜா முன்பு சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்த கடன்பத்திரத்தைக் காட்டி, காரைக்கால், நாகூர், திருவாரூர் வழியாக வந்து கோட்டையை வளைத்தான். அன்றைக்கு முந்திக்கொண்டவன் அவன்தான்.

ராஜா பிரதாபசிங் உடனே புறப்படவில்லை. புறப்பட்டிருந்தால் வெட்டவெளியில் பிரெஞ்சு பீரங்கிகளுக்குமுன் அழிந்திருப்பார். பேரம் பேசினார், தருகிறேன் என்றார், நாளைக் கடத்தினார். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் சிப்பாய்களை அனுப்பினார்கள். வெளியே லாலிக்கு வெடிமருந்து குறைந்தது, சோறும் இல்லை. நெல்லு விளையுற சீமையில் பட்டினி, யோசித்துப் பாருங்கள்! ஆகஸ்டு 3-ல் கடலில் நடந்த சண்டையில் பிரெஞ்சு கப்பல்கள் பின்வாங்கின. அவனுடைய காரைக்காலுக்கே ஆபத்து வந்தது. மதிலை உடைத்தும் உள்ளே நுழைய முடியாமல், திரும்பிவிடத் தீர்மானித்தான்.

அப்பொழுதுதான் வாசல் திறந்தது. ஆகஸ்டு 10 விடியற்காலையில், மனோஜியின் சேனை பாளயத்தின்மேல் விழுந்தது. லாலியே சாவுக்குத் தப்பினது மயிரிழையில். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும்: பிரெஞ்சுக்காரர் சுதாரித்துக்கொண்டு அந்தச் சேனையைத் துரத்திவிட்டார்கள். சண்டைக் கணக்கில் அது தோல்விதான்.

ஆனால் அதற்குப்பிறகு லாலியால் நிதானமாக, தன் நேரம் பார்த்துப் போகமுடியவில்லை. கனத்த பீரங்கிகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான். தஞ்சாவூர் குதிரைவீரர்கள் வழியெல்லாம் பின்தொடர்ந்து அலைக்கழித்தார்கள். எப்பொழுது நிற்பது, எங்கே தங்குவது என்பதெல்லாம் இப்போது அவர்கள் கையில். பசியோடே காரைக்கால் வந்து சேர்ந்தவன் கடலைப் பார்த்தான். அங்கே ஆங்கிலேயருடைய கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன.