மேலே மழை, கீழே வெயில்

ஆச்சிக்குக் குற்றாலம் என்றால் கொள்ளை ஆசை. சின்ன வயதில் ஒரே ஒரு முறை போனது. அதற்குப் பிறகு ஓர் ஆடி மாதத்தில்தான் வாய்ப்பு வந்தது. மகன், மருமகள், பேரன், பேத்தி, ஆச்சி என்று ஐந்து பேர் கிளம்பினார்கள். விருதுநகரில் பஸ் ஏறினார்கள். தென்காசியில் இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் சாரல் பட்டது. அருவியின் இரைச்சல் கேட்டது. பேரனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு பலகை இருந்தது. பேரன் ஒரு பார்வை பார்த்தான். "படிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவன் பத்தாம் வகுப்பு மாணவன்.

ஆச்சி நின்றாள். அவள் எழுத்தறிவு மையத்தில் படித்தவள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"தண்ணீர் அதிகமாக வரும்போது குளிக்கக் கூடாது. காவலர் சொன்னால் உடனே வெளியேற வேண்டும்."

முடிக்கும் வரை அவள் நகரவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டாள்.

"ஐயா, அருவி இரைச்சலில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது. இந்தச் சிவப்புத் துண்டைப் பார்த்துக்கொள். நான் துண்டை வீசினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்."

"சரி ஆச்சி" என்றான் பேரன்.

அருவியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குற்றாலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. மழை மேகங்கள் கேரளத்தின் பக்கமிருந்து வந்து மலையில் மோதுகின்றன. மலைமேல் நல்ல மழை பெய்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் சாரல் மட்டும் விழுகிறது. சில நேரம் வெயிலும் அடிக்கிறது.

மலையில் பெய்த மழை சிற்றாறாக ஓடி வருகிறது. அந்த ஆறுதான் பேரருவியாக விழுகிறது. பிறகு சமவெளியில் ஓடித் தாமிரபரணியில் சேர்கிறது.

பேரருவியின் நடுவில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. அதற்குப் பொங்குமாகடல் என்று பெயர். மேலேயிருந்து வரும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில் விழுகிறது. அங்கே வேகம் குறைகிறது. பிறகு பொங்கி வழிந்து கீழே விழுகிறது. அதனால்தான் மக்கள் அடியில் நின்று குளிக்க முடிகிறது.

ஆனால் மலையில் பெருமழை பெய்தால் நிலைமை மாறிவிடும். மலைச் சரிவு செங்குத்தானது. பாறை தண்ணீரை உறிஞ்சாது. பல ஓடைகளின் தண்ணீர் ஒன்றாகச் சேர்ந்து சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். இதைத்தான் காட்டாற்று வெள்ளம் என்கிறோம்.

துண்டு வீசிய ஆச்சி

பேரனும் அவன் அப்பாவும் ஆண்கள் பகுதியில் குளித்தார்கள். மருமகளும் பேத்தியும் பெண்கள் பகுதியில் குளித்துவிட்டு வந்தார்கள். ஆச்சி கரையில் துணிமணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல வெயில் அடித்தது.

திடீரென்று ஆச்சியின் கண் தண்ணீரில் நின்றது. சற்று முன்பு தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. இப்போது செம்மண் கலந்து வந்தது. கூடவே காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் விழுந்தன. இரைச்சலும் கூடியது.

ஆச்சி துண்டை எடுத்து வீசினாள். மகன் பார்த்தான். பேரனின் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"வெயில் அடிக்குதே ஆச்சி! இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சா என்ன?" என்று பேரன் முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

"வெயில் இங்கே அடிக்குது. மழை மேலே பெய்யுது. நீ வானத்தைப் பார்க்காதே. தண்ணீரைப் பார்" என்றாள் ஆச்சி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் காவலர் விசில் ஊதினார். எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. அவர்கள் நின்று குளித்த இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. பேரன் ஆச்சியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

உண்மையில் நடந்தவை

இது கதைதான். ஆனால் இப்படி உண்மையிலும் நடந்திருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது திடீரென்று வெள்ளம் வந்தது. மக்கள் அலறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவிலும் இப்படி நடந்தது. ஓர் அருவியின் நடுவில் பாறைமேல் நின்ற குடும்பத்தை வெள்ளம் சூழ்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நின்றும் பயனில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் பிள்ளைகள்.

தண்ணீர் சொல்லும் நான்கு அடையாளங்கள்

1. தெளிந்த தண்ணீர் கலங்கி வரும்.
2. இலை, சுள்ளி, சிறு கல் அடித்து வரும்.
3. இரைச்சல் கூடும்.
4. வெளியே தெரிந்த கல் மூழ்கும். கணுக்காலில் நின்ற தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். செருப்பு, துணி, செல்போன் எதற்காகவும் திரும்பாதீர்கள். ஓடை போகும் திசையில் ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள்.

நீச்சல் தெரிந்தால் போதுமா?

போதாது. கிணற்றிலும் குளத்திலும் நீந்துவது வேறு. அருவி விழும் இடத்தில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. விழும் தண்ணீர் ஆளைக் கீழே அமுக்கும், சுழற்றும். நுரையில் காற்று நிறைந்திருக்கும். அது உடம்பைத் தாங்காது. பாறையில் பாசி வழுக்கும்.

அதனால் அனுமதி உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள். மேலேயிருந்து ஒருபோதும் குதிக்காதீர்கள். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

எல்லா அருவியும் ஒன்றல்ல. கேரளத்தில் அதிரப்பள்ளி அருவி உள்ளது. அங்கே சாலக்குடி ஆறு சுமார் 80 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அந்த வேகத்துக்கு அடியில் நின்று குளிக்க முடியாது. தள்ளி நின்று பார்த்து மகிழலாம்.

யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, சேலை, நீளமான கம்பு எதையாவது நீட்டுங்கள். மூடிய காலி பிளாஸ்டிக் கேனை வீசினாலும் பிடித்துக்கொண்டு மிதப்பார்கள். காவலரைக் கூப்பிடுங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மறுநாள் காலை

இரவு மழை நின்றது. காலையில் தண்ணீர் தெளிந்து விழுந்தது. குளிக்க அனுமதி கிடைத்தது. எல்லாரும் மறுபடியும் அருவிக்குப் போனார்கள்.

பலகை வந்ததும் பேரன் தானாகவே நின்றான்.

"ஆச்சி, நீயே படி" என்றான்.

ஆச்சி சத்தமாகப் படித்தாள். பின்னால் வந்த நாலைந்து பேரும் நின்று கேட்டார்கள்.

பிறகு சிவப்புத் துண்டு பேரன் கைக்குப் போனது. அவன் கரையில் நின்று தண்ணீரைக் கவனித்தான். ஆச்சி அருவிக்கு அடியில் போய் நின்றாள். தலையில் தண்ணீர் விழுந்தது. சின்ன வயதில் குளித்த அதே தண்ணீர் போல இருந்தது அவளுக்கு.

பேசிப் பார்ப்போம்

1. வெயில் அடிக்கும்போது அருவியில் வெள்ளம் வருவது எப்படி?
2. ஆச்சி துண்டை ஏன் அடையாளமாக வைத்தாள்?
3. உங்கள் ஊர் ஆறு, ஓடை, அருவியில் எந்த இடம் ஆபத்தானது? அங்கே பலகை இருக்கிறதா?
4. பலகை இல்லை என்றால் என்ன எழுதி வைக்கலாம்? எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள்.

படித்துப் பழகுவோம்

ஆபத்து – ஆழமான பகுதி – குளிக்கத் தடை – வழுக்கும் பாறை – அனுமதி இல்லை