‘எனக்கு ஏன்?’ என்னும் கேள்வி

புற்றுநோயாளியைக் காணச் செல்லும் அன்பர்கள் பலர் கையில் பிரசாதமும் மனத்தில் உபதேசமும் கொண்டு செல்கின்றனர். பிரசாதம் நல்லது. உபதேசம் குறித்துச் சிறிது சிந்திக்க வேண்டும்.

துன்பத்தை மூவகையாகப் பகுத்த சாங்கிய ஆசிரியர்கள், ஆதியாத்மிகத் துன்பத்தை உடல் சார்ந்தது, உள்ளம் சார்ந்தது என மீண்டும் இரண்டாக்கினர். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் வேறு வழியாக இதனருகே வந்து சேர்ந்தார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர் அவர். நோயாளியின் வேதனையை அவர் ‘முழு வலி’ என்றார். உடல்நோவு, மன அச்சம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகிய நான்கும் அதில் பின்னிக் கிடக்கின்றன.

ஆயினும் உடல்வலியே முதலில் தணிய வேண்டும். மருத்துவர் அளந்து தரும் மார்ஃபினைப் ‘பழக்கமாகிவிடும்’ என்று அஞ்சி உறவினர் தடுப்பது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை. துடிப்பவரின் செவியில் தத்துவம் ஏறாது.

புனே நகரின் வார்ஜே பகுதியில், சிப்லா நிறுவனத்தின் ஆதரவில் 1997-இல் தொடங்கிய நோய்த்தணிப்பு மையம் கட்டணமின்றி இப்பணியைச் செய்து வருகிறது. குடும்பத்தினரும் நோயாளியுடன் தங்கி, வீட்டில் தொடர வேண்டிய பராமரிப்பைக் கற்றுக்கொள்கின்றனர். மருந்துக்கு இணையாக மன ஆறுதலுக்கும் அங்கே இடமுண்டு.

நோயாளி ஒருநாள், “எனக்கு ஏன் இது வந்தது?” என்று கேட்பார். உடனே நாம் கர்ம வினையை எடுத்துரைக்கிறோம். கர்மக் கோட்பாடு ஒருவர் தம் வாழ்வைத் தாமே சீர்தூக்கிக்கொள்ள உதவுவது. பிறரது படுக்கையருகே தீர்ப்பாக வாசிக்கத் தக்கதன்று. மேலும், அது விளக்கம் வேண்டிய வினாவே அன்று. வினா வடிவில் வரும் அழுகை. அதற்குரிய விடை, நாற்காலியை அருகே இழுத்து அமர்ந்து, “சொல்லுங்கள்” என்பதே. அவர் மௌனமானால் நாமும் மௌனமாக இருக்கலாம்.

“வெறும் வயிற்றுப்புண்தான்” என்று குடும்பத்தார் மறைப்பதும் உண்டு. அன்பினால்தான் மறைக்கின்றனர். ஆனால் பெரும்பாலும் நோயாளி அதை உணர்ந்தே இருப்பார். அவர்களுக்காக அவரும் நடிப்பார். ஒரே அறையில் இருவரும் தனிமையாகின்றனர். அனைத்தையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதைக் கேட்டு, அந்த அளவே பேசலாம்.

இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியையோ மகனையோ நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த முறை செல்லும்போது, “இரண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், நீங்கள் சற்று உறங்குங்கள் அம்மா” என்று கூறிப் பாருங்கள்.