கம்பஸ் கிடைக்குமா? வீட்டு மேசையில் கணக்குப் பார்க்கச் சில குறிப்புகள்

ஏ.எல். பெறுபேறு வந்த அன்று மாலையே ஊரில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். "மூணு ஏ எடுத்திருக்கு புள்ள, டொக்டர்தான்" என்பார் ஒருவர். "ரெண்டு பி, ஒரு சி. இதுக்கெல்லாம் எங்க கம்பஸ்?" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாவுல, நாலந்தப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு பென்சிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும் இருந்தால் போதும். ஜோசியக்காரரிடம் போகாமலே ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

1. முதலில் தகுதி. மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் சித்தி வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில், அதாவது பிள்ளைகள் 'கொமன் ஜெனரல்' என்று அலட்சியமாகச் சொல்லும் வினாத்தாளில், 30 புள்ளிகள் வேண்டும். விஞ்ஞானப் பாடங்களில் வெளுத்துவாங்கிய பிள்ளைக்கும் இந்த முப்பது கட்டாயம். பரீட்சைக்கு முந்தைய மாதத்திலாவது கடந்தகால வினாத்தாள் நாலைந்தைச் செய்ய வையுங்கள்.

2. தகுதி வேறு, அனுமதி வேறு. தகுதி பெற்றவர்களில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. "பாஸ் பண்ணிட்டான்தானே" என்று இனிப்பு வாங்கப் போகுமுன் அடுத்த குறிப்பைப் படியுங்கள்.

3. ஏ, பி, சி-யை ஒரு பக்கம் வைத்துவிட்டு இசட் புள்ளியைப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த இந்த முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கு எளிது. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்து சராசரி எடுத்தால் இசட் புள்ளி.

உதாரணத்துக்கு நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. முதல் பாடத்தில் 75. சராசரி 45, விலகல் 15. அதற்கு 2.0. இரண்டாவதிலும் 75, ஆனால் சராசரி 60, விலகல் 10. அதற்கு 1.5தான். மூன்றாவதில் 66, சராசரி 50, விலகல் 20. அதற்கு 0.8. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.4333. முதல் இரண்டும் ஏ சித்திதான், பெறுமதியோ வேறு. எல்லோரும் நன்றாகச் செய்த பாடத்தில் எடுத்த ஏ, பலர் தடுக்கி விழுந்த பாடத்தில் எடுத்த ஏ-க்கு ஈடாகாது. மூன்று ஏ எடுத்தும் விரும்பிய பீடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டில் நடக்கும் சண்டைக்கு இதைத் தெரியாததுதான் பாதிக் காரணம்.

4. இடங்கள் பிரியும் விதம் தெரிந்திருக்க வேண்டும். கலைப் பிரிவுக் கற்கைநெறிகள் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படும். மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மாத்தளை அந்தப் பதினாறில் இல்லை. நாவுலவிலிருந்து எலஹெர வீதியில் போய் எல்லையைத் தாண்டினால் வரும் பொலன்னறுவை இருக்கிறது. அனுராதபுரமும் நுவரெலியாவும் இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையைவிட என்ன வசதி கூடுதல் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் கணக்குப் போடும்போது விதி இருக்கிறபடிதான் போட வேண்டும்.

5. மாத்தளைக்கு எத்தனை இடம் வரும் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4.8 இலட்சம், நாட்டினுடையது இரண்டு கோடிக்குச் சற்று மேல். ஆக மாத்தளையின் பங்கு 2.4 வீதத்தை ஒட்டி வரும். நாடு முழுவதும் ஒரு கற்கைநெறிக்கு 1000 இடம் என்று வைத்துக்கொண்டால், மாவட்டங்களுக்கு 550. அதில் நமக்குப் பதின்மூன்று. பதின்மூன்றே பேர் என்னும்போது, ஓர் ஆண்டில் மாத்தளை நகரப் பாடசாலைகளில் கெட்டிக்காரர் நாலு பேர் கூடுதலாக எழுதிவிட்டாலே கடைசி இடத்தின் புள்ளி ஏறிவிடும். மறு ஆண்டு இறங்கவும் இறங்கும். சிறிய மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி இப்படித்தான் ஆடும்.

6. அதனால் போன வருட வெட்டுப்புள்ளியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளின் பட்டியலை எடுங்கள். ஒரு கொப்பியில் மாத்தளை நிரலை மட்டும், விரும்பும் கற்கைநெறிகளுக்கு நேரே எழுதுங்கள். பிள்ளையின் புள்ளி மூன்று ஆண்டுக்கும் மேலே இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். நடுவில் விழுந்தால் சரிபாதி என்று எடுங்கள். மூன்றுக்கும் கீழே இருந்தால் அது ஆசை. ஆசையை வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. கண்டியில் இருக்கும் மாமா மகளின் வெட்டுப்புள்ளி நமக்கு உதவாது. அவர் நிரல் வேறு.

7. பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் பழைய பட்டியலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2011 ஏ.எல்.-இல் பழைய, புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012-இல் அந்தக் கணிப்பு செல்லாது, இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

8. ஓ.எல். முடிந்த கையோடு பார்க்க வேண்டியது, பாடசாலையின் வகை. 1ஏபி பாடசாலையில்தான் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். தமிழ்மொழியில் விஞ்ஞானம் படிக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் மாத்தளை நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். பஸ் செலவையும் டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் நேரத்தையும் இப்போதே கணக்கில் எடுங்கள். நாவுல வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தால் எந்தப் பாடசாலையில் என்ன பிரிவு என்று சொல்வார்கள்.

9. கண்டிப் பெரிய பாடசாலைக்கு அனுப்பும் யோசனை இருந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பிள்ளை படித்த இடம் முக்கியமானது. கண்டி நிரலுக்குப் போய்விட்டால் கண்டிப் பிள்ளைகளோடுதான் போட்டி. பாடசாலைப் பெயர் பெரிதாக இருக்கும். வாய்ப்புப் பெரிதாகுமா என்பது வேறு கேள்வி. இரண்டு மாவட்டத்தில் படித்திருந்தால் கைநூலின் மாவட்ட விதியை வரிக்கு வரி வாசியுங்கள். விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

10. பாடத் தெரிவிலேயே சில கதவுகள் சாத்தப்பட்டுவிடும். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவ பீடம் இல்லை. விவசாய பீடம் உண்டு. சில கற்கைநெறிகள் ஓ.எல். ஆங்கிலம், கணிதப் பெறுபேற்றையும் கேட்கும். "ஓ.எல். இங்கிலீஷ்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

11. விருப்ப வரிசை. வீட்டின் கையில் முழுதாக இருக்கும் ஒரே ஆயுதம் இது; பலர் வீணாக்குவதும் இதைத்தான். கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறியீடு, அதை 'யுனிகோட்' என்பார்கள். இசட் புள்ளி வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும், அவர் எழுதிய பட்டியலில் மேலிருந்து பார்த்து, எட்டக்கூடிய முதல் இடம் கொடுக்கப்படும். கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதால் அடுத்ததில் வாய்ப்புக் குறையாது. ஆகவே 'கிடைக்கக்கூடியதை' மேலே எழுதாதீர்கள்; உண்மையில் ஆசைப்படுவதை மேலே எழுதுங்கள். நிச்சயமாகக் கிடைக்கும் என்று நினைப்பவை கீழே இருக்கட்டும். நாலு வரியோடு நிறுத்தவும் கூடாது. கொமினிகேஷன் கடைத் தம்பியிடம் "நீங்களே பாத்துப் போடுங்க" என்று விடவே கூடாது. வரிசையை வீட்டில் எழுதி, ஒரு இரவு விட்டு, காலையில் மறுபடி பார்த்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

12. "பேராதெனிய இல்லாட்டி வேண்டாம்" என்னும் பிடிவாதம் மாத்தளை, கண்டி வீடுகளில் அதிகம். 1952-இலிருந்து கண்ணெதிரே நிற்கும் வளாகம், ஆசை வருவது நியாயம். ஆனால் ஒரே கற்கைநெறிக்கு வெவ்வேறு பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு வெட்டுப்புள்ளி. பொறியியல் மொரட்டுவை, பேராதனை, ருகுணை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, தென்கிழக்கு, யாழ்ப்பாணம் ஆகியவற்றில் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். நாவுல சந்தியில் ஏ9 வீதியில் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் அந்த வழியாகத்தான் போகும். மிகிந்தலை ரஜரட்டையும், பதுளை ஊவா வெல்லஸ்ஸவும், 2021-இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் பட்டியலில் இருக்கட்டும்.

13. கட்டடக்கலை, வடிவமைப்பு, சங்கீதம், நடனம், சித்திரம் போன்றவற்றுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகங்கள் தனியே உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ வைக்கும். விண்ணப்ப முடிவுத் திகதி தவறினால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை.

14. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் உடனே அழ வேண்டாம். பதிவுசெய்யாதவர்களின் வெற்றிடங்கள் பிறகு நிரப்பப்படும். பாடப் பெறுபேற்றில் சந்தேகம் என்றால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

15. திரும்ப எழுதுவதா? மூன்று தடவைதான் கணக்கு. கிடைத்த இடத்தில் பதிவுசெய்துவிட்டால், அடுத்த தடவைப் பெறுபேற்றை வைத்து வேறு கற்கைநெறி கேட்க முடியாது. ஆகவே பதிவுக்கு முன்பே பேசி முடிவெடுங்கள். என் அபிப்பிராயம்: இரண்டாவது தடவை எழுதுவது பெரும்பாலும் பயனுள்ளது. மூன்றாவது தடவையைப் பிள்ளையே கேட்டால் மட்டும். அப்பாவின் கௌரவத்துக்காக வேண்டாம்.

16. மாற்று வழியைத் தோல்விக்குப் பிறகு தேடாமல், கூடவே தேடுங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களின் எச்.என்.டி., கல்வியியற் கல்லூரிகள், தாதியர் பயிற்சி எல்லாவற்றுக்கும் தனித்தனித் திகதிகள் உண்டு. ஒரு கலண்டரில் குறித்துச் சுவரில் மாட்டுங்கள்.

17. மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் உதவித்தொகைக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும். கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டிவரும். பிறப்பத்தாட்சி, அடையாள அட்டை, வருமானச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதைத் திருத்த வாரக்கணக்காகும்.

18. பிள்ளை கம்பஸ் போய்விட்டால், பழைய கைநூலையும் நீங்கள் எழுதிய மாத்தளை நிரல் கொப்பியையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அடுத்த வருடம் பரீட்சை எழுதும் பிள்ளை பக்கத்து லயத்திலோ தெருவிலோ இருக்கும். அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்.