காட்டு வான்கோழி அழைப்பான்கள்: பெயர் பெறாத கைவினைஞரின் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கரும்பலகையின்மீது சுண்ணக்கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் உடல் கூசும் கிறீச்சொலி எழுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். கட்டி பலகையைப் பற்றிக்கொள்ளுகிறது, இழுவிசை மிகும்போது சறுக்குகிறது, மீண்டும் பற்றுகிறது. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இப்பற்றும் சறுக்கும் ஒலியாக வெளிப்படுகின்றன. பிடில் வில் இசைப்பதும் இவ்விதியினாலேயே. வட அமெரிக்க வேட்டைக்காரர் காட்டு வான்கோழியை அழைப்பதற்குக் கையாளும் மரப்பெட்டியும் கற்பலகைக் கருவியும் இதே தத்துவத்தில் அமைந்தவையாகும்.

காட்டு வான்கோழி (மெலியாக்ரிஸ் கல்லோபாவோ) அக்கண்டத்திற்கே உரிய பறவை. மிதமிஞ்சிய வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப்போன இப்பறவை, உயிருடன் பிடித்து வேறு காடுகளில் விடும் திட்டங்களால் மீண்டது; 1973இல் ஏறத்தாழ 13 லட்சமாக இருந்த தொகை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 60 லட்சத்தைக் கடந்தது. இளவேனிற் பருவத்தில் சேவல் முழங்க, பெடை அதனை நாடிச் செல்வதே இயற்கை. வேட்டைக்காரரோ பெடையின் குரலை எழுப்பிச் சேவலைத் தம்மிடம் வரச் செய்கிறார். இயற்கையின் ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார் என்றே கூறலாம். அப்பறவையின் கண்ணும் செவியும் மிகக் கூரியவை. பிழைபட்ட குரலைக் கேட்ட சேவல் அன்று அணுகாது போதலுமுண்டு.

மூடியைத் திருகாணியால் பெட்டியுடன் பிணைத்த அழைப்பானுக்கு ஆர்க்கன்சா மாநிலத்து டார்டனெல் ஊரினரான ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்றார். பின்னர்த் தொழிற்சாலைகள் தோன்றினவெனினும், வீட்டுப் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்வோர் இன்றும் பலர். தென் கரோலினாவின் நீல் காஸ்ட் போன்ற புகழ்பெற்றோர் செய்த பெட்டிகளைச் சேகரிப்போர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகின்றனர். அவ்விலையில் பெரும்பகுதி பெயருக்கு உரியது, ஒலிக்கு உரியதன்று. பெயர் பெறாதோரின் கருவிகளுள் அவற்றிற்கு இணையானவையும் உண்டு, விறகுக்கு மட்டுமே பயன்படுபவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே வாங்குவோரின் கடமை.

முதற் சோதனை செவியைச் சார்ந்தது. பெடையின் இயல்பான அழைப்பு ஒற்றைச் சுரமன்று. தெளிந்த உச்சக் குரலில் தொடங்கி, உடைந்து, கரகரப்பான தாழ்குரலில் முடிவது. மூடியை ஒருமுறை இழுக்கும்போதே இம்மாற்றம் இடையில் தடையின்றி நிகழ வேண்டும். உரத்த ஒலியை எப்பெட்டியும் தரும். மூடியை மெல்ல நகர்த்தும்போது எழும் தாழ்ந்த முனகலிலேயே செய்தவரின் திறமை விளங்கும். கையருகே கேட்கும் ஒலியை நம்புதல் கூடாது. வேறொருவரை இயக்கச் செய்து, ஐம்பது அடி தொலைவில் நின்று கேட்டல் வேண்டும். இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மரத்தின் பளபளப்பைக் கண்டு வாங்குவோரே மிகுதி.

அடுத்தது அமைப்பு. பெட்டியின் பக்கச் சுவர்கள் மெல்லியவையாயும் மேல்விளிம்பு சீராக வளைந்தும் இருத்தல் வேண்டும். அவ்வளைவில் மேடுபள்ளம் இருப்பின் குரல் நடுவில் விக்கும். இரு பக்கங்களும் வெவ்வேறு சுருதியில் ஒலித்தல் குறையன்று. இருவேறு பெடைகளின் குரலைத் தர வல்லது அது. பெட்டிக்குப் பாப்லர், சிடார் போன்ற இலேசான மரமும், மூடிக்கு வால்நட் போன்ற கடினமான மரமும் பெரிதும் பயன்படுகின்றன. மரம் நன்கு உலர்ந்ததா என வினவுதல் இன்றியமையாதது. ஈர மரம் பின்னர் முறுக்கிக்கொள்ள, சுருதி கெட்டுவிடும். திருகாணியின் இறுக்கம் செய்தவர் சுருதி சேர்த்தபோது அமைத்தது. அதனைத் திருப்பிப் பார்த்தல் ஆகாது. மூடியின் அடிப்புறத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. எண்ணெய்ப் பசையற்ற சுண்ணமே போதும்.

கற்பலகைக் கருவியோ இதற்கு மாறானது. வட்டக் கிண்ணத்தின் மேல் பதித்த கல்லையோ கண்ணாடியையோ உப்புத்தாளால் சொரசொரப்பாக்கியே உரசுகோலால் இயக்குகின்றனர். ஒரே கிண்ணம் உரசுகோலை மாற்றும்போது வேறு குரல் தருவதால், இரண்டையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

உரசுகோலுக்கு ஈட்டியினத்து மரங்கள் விரும்பப்படுகின்றன. டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. நம் நாட்டு ஈட்டியும் சிசுவும் இவ்வினத்தனவே. எம்மரம், எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத கைவினைஞரிடம் அத்தகைய கோலை வாங்காதிருத்தல் நன்று. நேர்மையான சிறு கைவினைஞர் பலர் மூடியின் உட்புறத்தில் தம் பெயர், ஆண்டு, மரத்தின் வகை ஆகியவற்றை எழுதி வைப்பர்.

வண்ணமும் கவனத்திற்குரியது. சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் தோன்றும். இந்நிறம் பூசிய பெட்டியைப் புதருக்குள் அசைப்பவரைப் பறவையெனக் கருதி மற்றொரு வேட்டைக்காரர் சுட்டுவிடும் அபாயம் உண்டு. சேவலின் முழக்கத்தை எழுப்பும் கருவியைப் பலர் வேட்டையாடும் காட்டில் கையாளுவதும் இக்காரணத்தாலேயே விலக்கத்தக்கது. மழை நாளில் பெட்டியை நீர் புகாத பையிலிட்டு, பைக்குள்ளேயே மூடியை இயக்கும் வழக்கமும் உண்டு. நனைந்த சுண்ணம் பற்றுவதில்லை, ஒலியும் எழுவதில்லை.